தோற்கப்போறோம், டிக்கெட் போடு!

ஜூலை மாதம் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் யாரிடமும் கால்பந்துப் பேச்சை எடுத்துவிடாதீர்கள். ஆகஸ்டில் தொடங்கும் சீசனுக்கு இப்போதே ஒப்பாரி வைத்துவிடுவார்கள். என் அலுவலக நண்பர் அதில் முதல் ஆள். 1972-ல் உகாண்டாவிலிருந்து வந்த குஜராத்திக் குடும்பம். பிறந்து வளர்ந்தது இங்கேதான். "டிஃபென்ஸ் முழுக்க ஓட்டை. நல்ல பையன்களை எல்லாம் வித்தாச்சு. இந்த வருஷம் அவ்வளவுதான்" என்பார். சொல்லிக்கொண்டே போனில் சீசன் டிக்கெட்டைப் புதுப்பிப்பார். தனக்கு மட்டுமல்ல, மகளுக்கும் சேர்த்து.

அவர் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2023-ல் ஊர் அணியான லெஸ்டர் சிட்டி, முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. 2024-ல் ஏறியது. 2025-ல் மறுபடி இறங்கியது. ஆனால் நம்பிக்கைக்கும் இந்த ஊரில் சாட்சி உண்டு. 2014 கிறிஸ்துமஸின்போது கடைசி இடத்தில் கிடந்த அணி, கடைசி 9 ஆட்டங்களில் 7-ஐ வென்று தப்பியது. அடுத்த சீசனுக்கு கிளாடியோ ரானியேரி மேனேஜராக வந்தபோது, 'இவரா?' என்று பலர் முகம் சுளித்தார்கள். லெஸ்டர் சாம்பியன் ஆகும் என்று 1 பவுண்டு கட்டினால் 5000 பவுண்டு தருவதாகப் பந்தயக் கடைகள் சொல்லின. அந்த அளவுக்கு யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. 2016 மே மாதம் கோப்பை லெஸ்டருக்கு வந்தது. வார்டி, மாரெஸ், கான்டே என்ற வீரர்களின் பெயர்களை உலகமே உச்சரித்தது.

இத்தனையும் கண்ட பிறகும் ஏன் இந்தப் புலம்பல்? இது ஒரு தற்காப்பு. முன்கூட்டியே மனதைத் தயார்படுத்திக்கொண்டால், தோற்கும்போது அடி குறைவாக விழும். ஜெயித்தால் அது எதிர்பாராத லாபம். அதோடு, நல்லதை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடுமோ என்ற பயமும் உண்டு. புது வீட்டு வாசலில் நாம் கட்டும் திருஷ்டிப் பூசணிக்காய்தான் இந்தப் புலம்பல். பூசணிக்காய் கோரமாக இருப்பதால் வீடு மோசம் என்று யாரும் நினைப்பதில்லையே!

வாய் என்ன புலம்பினாலும் மனம் அணியின் பக்கம்தான். அமெரிக்காவில் கேரி மோர்வெட்ஜ் என்ற ஆய்வாளரும் சகாக்களும் ரசிகர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். 'உங்கள் அணி தோற்றால் உங்களுக்குப் பணம்; ஜெயித்தால் நீங்கள் எதுவும் தரவேண்டாம்' என்றார்கள். நஷ்டமே இல்லாத பந்தயம். அப்படியும் கணிசமானோர் மறுத்துவிட்டார்கள். சொந்த அணியின் தோல்வியில் காசு பார்ப்பது அவர்களுக்குத் துரோகமாகப் பட்டது.

போன வருஷம் நானும் நண்பரிடம் இதைக் கேட்டுப் பார்த்தேன். "முதல் ஆட்டத்தில் லெஸ்டர் தோற்றால் 10 பவுண்டு தருகிறேன். ஜெயித்தால் நீங்கள் ஒன்றும் தரவேண்டாம்." பத்து நிமிஷமாகத் தோல்விக்கான காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர், சட்டென்று முறைத்தார். "காசை உள்ளே வைங்க" என்றார்.

அவர் வாயை இனி நான் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. டிக்கெட் போட்டாரா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.