இல்லாத கோட்டையைச் சுற்றி ஒரு நடை

கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல். மதுரைக்காரர்கள் நாள்தோறும் சொல்லும் பெயர்கள். நாயக்கர் காலப் பாடத்தை நடத்தி முடித்த மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள்: “வாசல்னு சொல்றோமே டீச்சர், வாசல் எங்க இருக்கு?” இருபது ஆண்டுகளாக அந்த வழியாகப் போய்வரும் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விதான் எங்கள் களப்பயணத்துக்குக் காரணம்.

மதுரையைச் சுற்றி ஒரு கோட்டை இருந்தது. பாண்டியர் காலத்துச் சிறிய கோட்டையை அகற்றிவிட்டு, 16ஆம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பெரிதாகக் கட்டியது. மதிலும் அகழியும் 72 கொத்தளங்களும் கொண்டது. ஒவ்வொரு கொத்தளத்தையும் காக்கும் பொறுப்பு ஒரு பாளையக்காரருக்கு என்று மரபாகச் சொல்வார்கள். அதன் வலிமையை மாணவர்களுக்கு உணர்த்த யூசுப் கான் என்னும் மருதநாயகத்தின் கதையே போதும். 1763இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். மறு ஆண்டு உள்ளிருந்தவர்களே அவரைப் பிடித்துக் கொடுத்த பிறகுதான் கோட்டை அவர்கள் கைக்கு வந்தது.

அதன் பிறகு கோட்டைக்கு வேலை இல்லை. ஊர் மட்டும் பெருகிக்கொண்டே போனது. மதிலுக்குள் நெரிசல், அகழியில் தேங்கிய நீர், காய்ச்சல். 1834 முதல் 1847 வரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் மதிலை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். அதற்கு அவர் கையாண்ட வழிதான் எனக்கு வியப்பு. மதிலில் ஒரு பகுதியை இடித்து, அந்த அளவுக்கு அகழியையும் நிரப்பும் மக்களுக்கு அந்த நிலத்தையே மனையாகக் கொடுத்தார். கோட்டை ஊருக்குள்ளேயே கரைந்து போனது.

இதற்குச் சான்று தேடி ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டியதில்லை. தெருப் பெயர்ப்பலகைகளே போதும். கோட்டைக்கு வெளியே இருந்ததால் வெளி வீதி. மாசி வீதிக்கும் வெளி வீதிக்கும் இடையில் இருக்கும் பெருமாள் மேஸ்திரி வீதி, அந்த வேலையை மேற்பார்த்த மேஸ்திரியின் பெயரால் வந்தது. மாரட் வீதி, நில அளவை செய்த ஆங்கிலேயரின் பெயரால். ஆட்சியரோடு மேஸ்திரியின் பெயரும் ஊரில் நிலைத்திருப்பது மாணவர்களுக்கு மிகவும் பிடித்துப்போனது. எங்கள் பிள்ளைகளில் பலருடைய அப்பாக்கள் கட்டட வேலைக்குப் போகிறவர்கள்.

ஆட்சியரின் நினைவுச் சின்னம் கீழமாசி வீதியும் தெற்கு மாசி வீதியும் சேரும் இடத்தில் இருக்கிறது. விளக்குத்தூண் என்றால் எல்லோருக்கும் ஜிகர்தண்டாதான் நினைவுக்கு வரும். அது பிளாக்பர்னுக்கு நன்றியாக மதுரை மக்கள் நிறுத்திய விளக்கு என்பதைத் தூணின் அடியில் நின்று சொன்னபோதுதான் பிள்ளைகள் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்கள்.

இடித்தது சரியா என்று வகுப்பில் விவாதிக்கச் சொன்னேன். காய்ச்சலில் சாவதைவிட மதில் போவது மேல் என்றது ஒரு குழு. ஒரு பக்கத்தையாவது விட்டிருக்கலாம் என்றது இன்னொன்று. என் மனம் முதல் குழுவின் பக்கம்தான் என்றாலும் சொல்லவில்லை. பல ஊர்கள் இந்த முடிவை எடுத்திருக்கின்றன. செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடில் ஸ்தம்போல் வாசல் என்ற பெரிய கோட்டை வாயிலை 1866இல் இடித்தார்கள். அந்த இடம் இன்று நகரின் முதன்மைச் சதுக்கம். பக்கத்திலேயே தேசிய நாடக அரங்கம். உலக வரைபடத்தில் அந்த ஊரைத் தேடிக் கண்டுபிடித்ததும் பிள்ளைகளுக்கு ஒரு செயல்பாடாகவே ஆகிவிட்டது.

மிச்சம் எதுவுமே இல்லையா? உண்டு. பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே கோட்டையின் ஒரு துண்டு நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் அதைப் பார்க்காமலே கடந்து போகிறார்கள். மீனாட்சி அம்மன் கோயிலுக்குக் கிழக்கே விட்டவாசல் இருக்கிறது. பாண்டியர் கோட்டையை இடித்தபோது இடிக்காமல் ‘விட்ட’ வாசல் என்பார்கள். கேள்வி கேட்ட மாணவி அதன் கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இங்க இருக்கு டீச்சர்” என்றாள்.

முயன்று பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்குச் சில குறிப்புகள். முதல் நாளே ஒவ்வொரு குழுவுக்கும் வீதிகளை மட்டும் வரைந்த, பெயர் எழுதாத வரைபடம் கொடுங்கள். பெயர்ப்பலகையைப் பார்த்து அவர்களே நிரப்பட்டும். பழைய கடைக்காரர்களிடம் “இந்தத் தெருவுக்கு ஏன் இந்தப் பெயர்?” என்று கேட்கச் சொல்லுங்கள். தவறான பதிலையும் எழுதிவரட்டும், மறுநாள் வகுப்பில் சரிபார்க்கலாம். கிராமப் பள்ளி என்றால் மந்தை, கண்மாய் மடை, ஊருணி ஆகியவற்றின் பெயர்களிலிருந்து தொடங்கலாம். நகரில் நடப்பதாக இருந்தால் காலை ஏழு மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் கீழமாசி வீதியில் சரக்கு வண்டிகள் வந்துவிட்டால் நாற்பது பிள்ளைகளோடு நிற்கக்கூட இடம் கிடைக்காது.