கனியின் புளிப்பும் கோழிச் சோறும்

ஒரே பாத்திரத்தில் சோறும் கறியும் கனியும் சேர்ந்து வெந்து இரவு உணவாக வந்துவிட வேண்டும் என்னும் ஆசை இன்றைய குடும்பங்களில் வலுத்து வருகிறது. வேலை முடிந்து அந்திக்குப் பின் வீடு திரும்புகிறவர்களுக்கு நான்கு பதார்த்தங்களைத் தனித்தனியே வைத்து இறக்கப் பொழுதும் இல்லை, தெம்பும் இல்லை என்பதால், அந்த ஆசையில் குற்றம் காண இடமில்லை. ஆனால் அந்தப் பாத்திரத்தில் கனி எதற்காகச் சேர்கிறது என்ற கேள்வியைக் கேட்பவர்கள் அரிதாகிவிட்டார்கள். அழகுக்காக என்பார் சிலர். இனிப்புக்காக என்பார் பலர். சோற்றோடும் மாமிசத்தோடும் கனியைக் கூட்டிச் சமைக்கும் கலையைப் பல நூற்றாண்டுகளாகப் பயின்று தேர்ந்த ஈரானியரின் பழைய சமையற்கட்டோ வேறு விடை சொல்கிறது: கனி சேர்வது புளிப்புக்காக. இந்த விடை நாளுக்கு நாள் மங்கி வருகிறது என்பதும், மங்கவிட்டால் நம் நாவுக்கு நேரும் நஷ்டம் சிறிதல்ல என்பதுமே இங்கே சொல்ல வந்த விஷயம்.

ஈரானியரின் தஹ்சின் என்னும் பதார்த்தத்தை எடுத்துக்கொள்வோம். முக்கால் பதத்தில் வடித்த சோற்றைத் தயிர், முட்டையின் மஞ்சட்கரு, குங்குமப்பூச் சாறு, எண்ணெய் ஆகியவற்றோடு பிசறி, அடி கனத்த பாத்திரத்தில் ஒரு படுகையாக அமர்த்தி, அதன்மேல் வெந்த கோழிக்கறியைப் பரப்பி, கறியின்மேல் ஸெரெஷ்க் என்னும் செந்நிறச் சிறு கனியைத் தூவி, மறுபடியும் சோற்றால் மூடி அழுத்தித் தம்மில் வைத்து, அடி பொன்னிறமாக முறுகியபின் பாத்திரத்தைத் தட்டின்மேல் கவிழ்த்து எடுக்கிறார்கள். அடியில் முறுகிய சோற்றுக்குத் தஹ்திக் என்று பெயர். நம் வீடுகளில் அடிப்பிடித்த சோறு சமைத்தவருக்கு ஒரு குறையாகவே எண்ணப்படும். அங்கேயோ தீயாமலும் வெளுக்காமலும் ஒரே சீராக முறுகிய அடிச்சோறுதான் சமைத்தவரின் திறமைக்கு உரைகல். விருந்தாளிக்கு முதலில் பரிமாறப்படுவதும் அதுவே.

இரண்டு முற்றிலும் மாறுபட்ட நிலங்கள் இந்த ஒரே பாத்திரத்தில் சந்திக்கின்றன. அரிசி வருவது வடக்கே எல்புர்ஸ் மலைத்தொடருக்கும் காஸ்பியன் கடலுக்கும் இடையில் மழை வளம் மிகுந்து கிடக்கும் கீலான், மாஸந்தரான் மாகாணங்களிலிருந்து. ஹாஷெமி, தாரோம் என்னும் மணமிக்க ரகங்கள் அங்கே விளைகின்றன. குங்குமப்பூவும் ஸெரெஷ்க் கனியும் வருவதோ கிழக்கே, வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கும் குராசான் பிரதேசத்திலிருந்து. ஏறத்தாழ 150 பூக்களைக் கொய்து, ஒவ்வொன்றிலும் உள்ள செந்நிற இழைகளைக் கையால் பிரித்து உலர்த்தினால்தான் 1 கிராம் குங்குமப்பூ தேறும். தெற்குக் குராசானின் காயேன், பீர்ஜந்த் வட்டாரங்களில் குங்குமப்பூ கொய்யும் அதே இலையுதிர் காலத்தில் ஸெரெஷ்க்கும் அறுவடையாகிறது. ஒரு குடியானவரின் குடும்பமே இரண்டு வேலைகளையும் அடுத்தடுத்துச் செய்யும்படி பருவம் அமைந்திருக்கிறது.

ஸெரெஷ்க் என்பது விதையற்ற, நீள்வட்டமான, ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாத கனி. அதன் புதர் முழுவதும் முள். கை வைத்தவரைக் குத்தாமல் விடாது. ஆகையால் கனிகளை ஒவ்வொன்றாகக் கொய்வதில்லை. கனியோடு கிளையையே வெட்டிக் கொட்டகையின் நிழலில் அடுக்கி, காற்றோட்டத்தில் வாரக்கணக்காக உலரவிட்டுப் பின்பு உதிர்ப்பது ஒரு முறை. இப்படி உலர்ந்த கனி உப்பலாகவும் நிறம் மங்காமலும் இருப்பதால் விலை அதிகம். கிளையைத் தட்டிக் கனியை உதிர்த்து வெயிலில் காயவைப்பது மற்றொரு முறை. அது அடர்ந்த நிறத்தோடு சுருங்கிப்போகும். இவ்வளவு சிரமப்பட்டு அவர்கள் பத்திரப்படுத்துவது இனிப்பை அல்ல. உலர்ந்த ஒரு கனியை நாவில் வைத்தாலே உடம்பு சிலிர்க்கும் அளவுக்கு அதில் புளிப்பு நிறைந்திருக்கிறது. முட்புதருக்கும் மனிதருக்கும் நடக்கும் இந்தப் போராட்டமெல்லாம் அந்தப் புளிப்பு ஒன்றுக்காகத்தான்.

புளிப்பு செய்யும் வேலை

கோழியின் கொழுப்பும், தயிரின் ஆடையும், மஞ்சட்கருவும், எண்ணெயும் கூடிய ஒரு சோற்றை இரண்டு கவளம் உண்டதும் நாக்கு திகட்டத் தொடங்கிவிடும். அந்த இடத்தில் பல்லில் அகப்படும் ஒரு ஸெரெஷ்க் கனி வாயில் நீரைச் சுரக்கச் செய்து, கொழுப்பின் பூச்சை விலக்கி, அடுத்த கவளத்தை முதற்கவளமாக்கிவிடுகிறது. ஈரானியர் இதற்கு வைத்திய சாஸ்திரத்தின் வழியாகவும் ஒரு காரணம் சொல்வார்கள். உணவுப் பொருள்களைச் சூடு என்றும் குளிர்ச்சி என்றும் பகுத்து, இரண்டையும் ஒரே வேளையில் சமப்படுத்த வேண்டும் என்பது அவர்களிடம் வேரூன்றிய நம்பிக்கை. குங்குமப்பூ சூடு, தயிரும் ஸெரெஷ்க்கும் குளிர்ச்சி. சூடு, குளிர்ச்சி என்று பார்த்தே உண்டு வளர்ந்த தமிழருக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மரபின் வேர் ஆழமானது. 1226இல் பாக்தாதில் முஹம்மத் அல் பாக்தாதி என்பவர் எழுதிவைத்த அரபுச் சமையல் நூல் தன் முதல் அத்தியாயத்தையே புளிப்புப் பதார்த்தங்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. மாதுளைச் சாற்றில் வேகும் இறைச்சி, திராட்சைக் காயின் சாற்றில் வேகும் இறைச்சி, புளித்த ஆப்பிளோடு வேகும் இறைச்சி என்று வரிசையாக அதில் வருகின்றன. சிலவற்றில் இனிப்பும் கலந்தது உண்டு, எனினும் புளிப்பே அங்கே தலைமை தாங்குகிறது. சபாவித் மன்னர் காலத்தில் 1521இல் எழுதப்பட்ட கார்நாமே என்னும் பாரசீக நூலும், 1594இல் ஷா அப்பாஸின் அரண்மனைச் சமையற்காரர் நூருல்லா எழுதிய நூலும் போலோ என்னும் சோற்று வகைகளை விரிவாகப் பேசுகின்றன. இன்றுங்கூடக் கோடையின் தொடக்கத்தில் புளிப்புச் செர்ரி பழுக்கும்போது அல்பாலு போலோ செய்து கோழியோடு உண்பதும், மாதுளையும் அக்ரூட் பருப்பும் சேர்ந்த ஃபெசன்ஜான் குழம்பில் கோழியையோ வாத்தையோ வேகவைத்துச் சோற்றின்மேல் ஊற்றுவதும் அங்கே வழக்கம். அந்த ஃபெசன்ஜானைக் கீலான் பிரதேசத்தார் புளிப்பாகவே விரும்புகிறார்கள். மற்ற இடங்களில் அதில் சர்க்கரை ஏறிவிடுகிறது.

செய்முறை

நான்கைந்து பேருக்குத் தஹ்சின் செய்ய 3 கோப்பை பாஸ்மதி அரிசியும், முக்கால் கிலோ கோழியும் போதும். அரிசியை நீர் தெளியும்வரை கழுவி, உப்பு நீரில் இரண்டு மணி நேரம் ஊறவைக்க வேண்டும். கால் தேக்கரண்டி குங்குமப்பூவை உரலில் பொடித்து, மூன்று மேசைக்கரண்டி வெந்நீரில் கரைத்து மூடிவைத்தால் அதன் நிறமும் மணமும் முழுதாக இறங்கும். அடி கனத்த பாத்திரத்தில் வெங்காயத்தை வதக்கி, மஞ்சள்தூள், உப்பு, மிளகோடு கோழியைப் போட்டுச் சிறிது நீரில் வேகவைத்து எடுத்து, எலும்பை நீக்கிப் பெரிய துண்டுகளாகப் பிய்த்துக்கொண்டு, அதன்மேல் குங்குமப்பூச் சாற்றில் சிறிது தெளிக்க வேண்டும். பிறகு அதே பாத்திரத்தைக் கழுவி, நிறைய உப்பு நீரைக் கொதிக்கவைத்து அரிசியைப் போட்டு, மணியின் மேற்புறம் மிருதுவாகியும் நடுவில் சற்றே விறைப்பு எஞ்சியும் இருக்கும் பதத்தில் வடித்துவிட வேண்டும்.

கனியைத்தான் அதிக சிரத்தையோடு நடத்த வேண்டும். அரைக் கோப்பை ஸெரெஷ்க்கைக் காம்பும் தூசியும் போக ஆய்ந்து, பல நீர் விட்டு அலசி, சில நிமிஷங்கள் ஊறவிட்டு வடித்து, வெண்ணெயில் மெல்லிய தீயில் ஒரு புரட்டு புரட்டி உடனே இறக்க வேண்டும்; ஒரு நிமிஷம் தாமதித்தாலும் சிவப்பு கறுப்பாகும், புளிப்பு கசப்பாகும். ஒரு கோப்பை கெட்டித் தயிரையும் இரண்டு மஞ்சட்கருவையும் மீதிக் குங்குமப்பூச் சாற்றையும் கால் கோப்பை எண்ணெயையும் அடித்துக் கலந்து, வடித்த சோற்றை அதில் உடையாமல் பிசற வேண்டும். பாத்திரத்தின் அடியில் தாராளமாக எண்ணெய் விட்டுச் சூடேறியதும், பாதிச் சோறு, கோழி, பாதிக் கனி, மீதிச் சோறு என்று அடுக்கி அகப்பையால் அழுத்தி, ஆவி நீர் சொட்டாதபடி மூடியைத் துணியால் சுற்றி இறுக மூட வேண்டும். பத்து நிமிஷம் நடுத்தரத் தீயிலும், பிறகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் மிகச் சிறிய தீயிலும் இருக்கட்டும். இறக்கியதும் பாத்திரத்தின் அடியைச் சிறிது நேரம் ஈரத்துணியின்மேல் வைத்தால் முறுகல் எளிதில் விடுபடும். கவிழ்த்த பிறகு மீதிக் கனியை மேலே தூவ வேண்டும். தம்மில் வெந்த கனி சோற்றுக்குள் புளிப்பை விட, மேலே தூவிய கனி நிறத்தையும் தன் முழு வேகத்தையும் காப்பாற்றிக்கொள்கிறது.

சர்க்கரையின் படையெடுப்பு

ஸெரெஷ்க்கைப் புரட்டும்போது ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்ப்பது பழக்கத்தில் உள்ளதுதான். புளிப்பின் கூர்முனையை மழுக்குவதே அதன் நோக்கம். ஆனால் அந்தச் சிட்டிகை கரண்டியாகி, கரண்டி கரண்டிகளாகிவிட்டதை இன்றைய சமையற்குறிப்புகளில் காண்கிறோம். ஈரானுக்கு வெளியே ஸெரெஷ்க் கிடைக்காத ஊர்களில் அதற்குப் பதிலாக உலர்ந்த கிரான்பெர்ரியைப் போடச் சொல்கிறார்கள்; அதுவும் பிறப்பில் புளிப்புக் கனியேயானாலும், கடைக்கு வருவதற்கு முன்பே பெரும்பாலும் சர்க்கரைப் பாகில் ஊறிவிடுகிறது. பெயர் கனியின் பெயராக இருக்க, உண்ணுவது சர்க்கரையாக முடிகிறது.

புளிப்புக் கனிகள் மனிதரின் பராமரிப்பிலிருந்து நழுவுவது இது முதல் தடவையல்ல. ஸெரெஷ்க்கின் உறவுப் புதர் ஒரு காலத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வேலிதோறும் நின்று, அதன் கனி ஊறுபண்டமாகவும் பாகாகவும் வீடுகளில் புழங்கியது. கோதுமைத் தண்டைத் தாக்கும் துரு நோய்க் காளான் தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை அந்தப் புதரில்தான் கழிக்கிறது என்பது நிரூபணமான பின்னர், அமெரிக்க நாட்டில் 1918 முதல் கோடிக்கணக்கான புதர்கள் வேரோடு பிடுங்கப்பட்டன. உணவுத் தானியத்தைக் காப்பதற்காகச் செய்த அந்தக் காரியத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புதரோடு கனியும், கனியோடு அதைச் சமைக்கத் தெரிந்த கையும் மறைந்துபோயின. அங்கே நோய்க்கு அஞ்சி இழந்ததை இங்கே எந்த நிர்ப்பந்தமும் இல்லாமல், இனிப்பின் மேலுள்ள மோகத்தினால் மட்டுமே நாம் இழந்துகொண்டிருக்கிறோம்.

நம் ஊர் உணவு விடுதிகளில் காஷ்மீரி புலவு என்ற பெயரில் பரிமாறப்படும் சோற்றைப் பாருங்கள்: டப்பாவிலிருந்து வந்த அன்னாசித் துண்டு, பாகில் ஊறிய செர்ரி, சாயமேற்றிய டூட்டி ஃப்ரூட்டி. இவற்றில் புளிப்பு என்பது பேருக்கும் இல்லை. ருசி காலத்துக்குக் காலம் மாறும் இயல்புடையது, குழந்தைகள் விரும்பி உண்பதைத் தடுப்பானேன் என்று கேட்போரும் உண்டு. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் புளிப்பையே அறியாமல் வளரும் குழந்தை, இரண்டில் ஒன்றை விரும்பித் தேர்ந்தது என்று எப்படிச் சொல்வது? ஒன்றை மட்டுமே கொடுத்துவிட்டு அதையே அதன் விருப்பம் என்று நாம் தீர்மானித்துவிடுகிறோம். துவர்ப்பு, கசப்பு என்னும் சுவைகள் நம் இலையிலிருந்து ஏற்கெனவே பெரும்பகுதி நீங்கிவிட்டன. புளிப்பும் நீங்கினால் உப்பும் உறைப்பும் இனிப்புமே மிஞ்சும். அந்த மூன்றையும் மட்டும் அறிந்த நாவுக்கு ஓர் எலந்தைப்பழமோ அரைநெல்லியோ அந்நியப் பொருளாகிவிடும். உண்பாரில்லாத மரத்தை வளர்ப்பாரும் இல்லை.

புளிப்பின் அருமையைத் தமிழருக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஈரானிலேயே, பாரசீக வளைகுடாக் கரையில் உள்ள புஷேர் நகரத்தார் நம்மைப் போலவே தங்கள் மீன் குழம்பில் புளியைத்தான் கரைத்து ஊற்றுகிறார்கள். ஆம்பூரில் பிரியாணிக்குத் துணையாகப் புளி சேர்ந்த கத்தரிக்காய்க் குழம்பை வைப்பதும், திண்டுக்கல்லில் பிரியாணிக்கே எலுமிச்சையும் தயிரும் சேர்ப்பதும், கொழுத்த சோற்றுக்குப் புளிப்பு வேண்டும் என்பதை அறிந்தவர்கள் செய்த ஏற்பாடே. ஆகவே ஸெரெஷ்க் கிடைக்கவில்லை என்று தமிழ்நாட்டுச் சமையற்கட்டில் யாரும் உலர்ந்த திராட்சையைத் தேடிப் போக வேண்டாம். சிவந்து பழுக்கும் பருவத்திலுள்ள களாக்காயைப் பிளந்து விதை நீக்கி, வெண்ணெயில் ஒரு புரட்டு புரட்டிச் சேர்த்தால், நிறத்துக்கு நிறமும் புளிப்புக்குப் புளிப்பும் கிட்டும். களா கிடைக்காத மாதங்களில் மாங்காயைப் பொடியாக நறுக்கிச் சேர்க்கலாம்.

ஒரே பாத்திரத்தில் சமைக்கப் புகுந்தவர்கள் மனத்திற் கொள்ள வேண்டிய நியாயம் இன்னொன்று உண்டு. பல பதார்த்தங்கள் உள்ள இலையில் ஒன்று திகட்டினால் ரசம் வந்து காப்பாற்றும். ரசம் போதாவிட்டால் ஊறுகாய் காப்பாற்றும். கடைசியில் மோர் இருக்கிறது. ஒற்றைப் பாத்திர உணவுக்கு அந்தத் துணை எதுவும் இல்லை. அதன் குறைக்கும் நிறைக்கும் அதுவே பொறுப்பாகையால், இலை முழுவதும் பரவியிருந்த புளிப்பு அந்தப் பாத்திரத்துக்குள்ளேயே இடம் பெற்றாக வேண்டும். அந்த இடத்தில் நிற்பதற்குத்தான் கனி இருக்கிறது. ஆதலால் சோற்றில் போடும் முன்பு கனியில் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். பல் கூசினால் தாராளமாகச் சேருங்கள், வெறும் தித்திப்பு மட்டும் தெரிந்தால் அதை உணவுக்குப் பின் உண்ண எடுத்து வைத்துவிடுங்கள்.