போன்ல மோட்டார் போட்டா தொப்பை எப்படிக் கரையும்?

34 வருஷம் வங்கி நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். மதியச் சாப்பாடு மூணு மணிக்கு. நாளைக்கு ஆறு டீ. மார்ச் கடைசி என்றால் ராத்திரி பதினோரு மணிக்குப் புரோட்டா. 2018-இல் ஓய்வு பெற்று, விருதுநகர் மாவட்டத்தில் அப்பா விட்டுப்போன மானாவாரிக் காட்டுக்கு வந்தபோது எடை 91 கிலோ. உயரம் 168 செ.மீ. காட்டில் இறங்கினால் தானாகக் கரைந்துவிடும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் 93!

யோசித்துப் பார்த்தேன். உழவுக்கு டிராக்டர். காட்டைச் சுற்றிவர டூவீலர். கிணற்று மோட்டாரை, கட்டிலில் படுத்தபடியே போன்ல போட்டுடலாம். களைக்கு ஆள். நான் செய்தது மேற்பார்வை. அதை வங்கியிலேயே செய்துகொண்டுதான் இருந்தேன். நம்ம கூட்டங்களுக்கு வரும் உழவர்களைக் கொஞ்சம் பாருங்க, என்னை மாதிரி வயிறு எத்தனை பேருக்கு இருக்குன்னு. எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், நம் நாட்டவருக்கு 23-க்குள் இருக்க வேண்டும். 25-ஐத் தாண்டினால் உடல்பருமன். எனக்கு 33.

சொந்தக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு எடை குறைக்கும் பவுடர் டப்பா ஒன்று வாங்கினேன். 'மூலிகை' என்று போட்டிருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் அதைக் கரைத்துக் குடிக்கணுமாம். சாப்பாட்டை நிறுத்தினேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்தவில்லை. பத்தாம் நாள் காலையில் கிணற்று மேட்டில் தலை சுற்றி விழுந்தேன். ரெண்டடி தள்ளி விழுந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. சர்க்கரை ரொம்ப இறங்கியிருந்தது. மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் ஒரு வேளையைக்கூடக் குறைக்காதீங்க.

அதன்பிறகுதான் முறையாகப் படித்த ஆயுர்வேத வைத்தியர் ஒருவரிடம் போனேன். லேகியம் தருவார் என்று உட்கார்ந்திருந்தால், "உங்க காட்டுல என்ன விளையுது?" என்று கேட்டார். குதிரைவாலி, சோளம், செவல் துண்டில் காணம் என்றேன். "அதையெல்லாம் என்ன பண்றீங்க?" வித்துடுறோம், காணம் மாட்டுக்கு. "நீங்க என்ன சாப்பிடுறீங்க?" மூணு வேளையும் பொன்னி அரிசி.

சிரித்துவிட்டு சரக சம்ஹிதையை எடுத்தார். சூத்திரஸ்தானம், 21-ஆம் அத்தியாயம். பருத்தவருக்கான உணவுப் பட்டியலில் சியாமாகம், கோத்ரவம், பிரியங்கு, குலத்தம் என்று வருகிறது. குதிரைவாலி, வரகு, தினை, காணம்! கூடவே பார்லி, பாசிப்பயறு, நெல்லிக்காய், தேன் தண்ணீர். நான் மூட்டை போட்டு விற்றுக்கொண்டிருந்தது என்னோட மருந்தை. (தேனைச் சூடாக்கக் கூடாது என்பதும் ஆயுர்வேதம்தான். கொதிக்கிற வெந்நீரில் தேன் ஊற்றிக் குடிப்பவர்கள் கவனிக்க.)

ஆனால் சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று முதல் மாதம் நினைத்தேன். குதிரைவாலிப் பொங்கலை நெய்யோடு ரெண்டு தட்டு. எடை அசையவே இல்லை. வயிற்றில் பாதி சோறு, கால் பங்கு நீர், மீதி கால் காலியாக இருக்கணும் என்றார் வைத்தியர். காலையில் சோளக்கூழும் மோரும், மதியம் ஒரு கரண்டி குதிரைவாலிச் சோறு, அதைவிடக் கூடுதலாகக் கீரை, காய். ராத்திரி ஏழு மணிக்குள் காண ரசமும் இட்லி ரெண்டும். டாக்டர் ரெண்டு தடவை ரத்தம் பார்த்து மாத்திரையைக் குறைத்தார்.

யோகா கதை வேறு. யோகா செய்தால் எடை மளமளவென்று இறங்கும் என்பது விளம்பரம். அரை மணி நேர ஆசனத்தில் செலவாகும் சக்தி, வேக நடையைவிடக் குறைவுதான். எனக்கு அது கொடுத்தது இடுப்பும் முட்டியும். ஆரம்பத்தில் வஜ்ராசனத்தில் உட்கார முடியவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் சூரிய நமஸ்காரம், அதுவும் நாலே நாலு. பாதி பலத்துக்கு மேல் போகாதே, நெற்றி வியர்த்தால் நிறுத்து என்பது ஆயுர்வேதம் உடற்பயிற்சிக்குச் சொல்லும் அளவு. அறுபதைத் தாண்டியவனுக்கு அது சரியான அளவு. ஆறு மாதத்தில் குனிந்து குத்துக்காலிட்டு உட்கார முடிந்தது. உட்கார முடிந்ததால் களை எடுத்தேன். எடை இறங்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். போன் ஸ்டார்ட்டரைக் கழற்றிவிட்டேன். மோட்டார் போட இப்போ கிணற்றுக்கு நடக்கிறேன், போக வர ஒன்றரை கிலோமீட்டர்.

ரெண்டரை வருஷத்தில் 93-லிருந்து 78. கணக்குப்படி இன்னும் பதிமூணு கிலோ இறங்கணும். இடுப்பு 96 செ.மீ., ஆண்களுக்கு 90-க்குள் வேண்டும். கல்யாண வீட்டுக்குப் போனால் இன்னமும் தோற்கிறேன்.

ஒன்று உறுத்துகிறது. எனக்குப் பக்கத்து வரிசையில் களை எடுக்கும் அக்கா எடை மிஷினில் ஏறினார், 38 கிலோ. "ஐயா குறைக்கிறதுக்கு வைத்தியம் கேட்டீங்களே, எங்களுக்கு ஏறுறதுக்கு ஒண்ணும் சொல்லலையா?" என்றார். சரகர் அதே அத்தியாயத்தில் மெலிந்தவர்களைப் பற்றியும் சொல்கிறார். கொழுத்தவனுக்குக் கொள்ளு, இளைத்தவனுக்கு எள்ளு என்று நம்ம ஊர்க்கிழவிகளும் ரெண்டையும்தான் சொன்னார்கள். பாதியை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். இப்போ நாலு மணிக்கு டீயோடு எள்ளுருண்டையும் அவித்த கடலையும் கொடுக்கிறோம். கூலியிலும் 50 ரூபாய் ஏற்றினேன். பக்கத்துக் காட்டுக்காரர் கோபித்துக்கொண்டார். வர்ற மாசிப் பட்டத்தில் கிணற்றுப் பாசனத்தில் அரை ஏக்கர் எள் போடுறதாக இருக்கேன். அந்த அக்கா இப்போ 41.