கோடு போடத் தெரிந்தால் கூலி மாறும்

2017-ல் புவிசார் குறியீடு பெற்ற மாமல்லபுரம் கற்சிற்பத் தொழிலில் இப்போது உளிச் சத்தத்தோடு சி.என்.சி. இயந்திரத்தின் இரைச்சலும் கேட்கிறது. கல் சுமப்பவர் சேரிக்காரர், உருவம் வரைபவர் வேறொருவர் என்ற பழைய பிரிவினை இயந்திரத்திலும் தொடர வேண்டுமா?

இயந்திரம் புகைப்படத்தைப் பார்த்து வெட்டாது. கோட்டைப் பின்பற்றியே வெட்டும். அந்தக் கோட்டுப் படம்தான் வெக்டர். 'இங்க்ஸ்கேப்' என்ற இலவச மென்பொருளிலேயே வரையலாம்.

அளவு மில்லிமீட்டரில் இருக்கட்டும். உருவத்தின் கோடு தொடங்கிய இடத்திலேயே முடிய வேண்டும். ஒரே கோடு இரண்டு முறை இருந்தால் இயந்திரம் இரண்டு முறை வெட்டும். எழுத்துகளையும் கோடுகளாக மாற்றிவிட வேண்டும். 6 மி.மீ. விட்டமுள்ள பிட், உள்மூலையைக் கூர்மையாக வெட்டாது, 3 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தே விடும். இவற்றைச் சரிபார்த்து டி.எக்ஸ்.எஃப். கோப்பாகச் சேமிக்கலாம்.

சொந்தமாகத் தொழில் தொடங்க, அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 35 சதவீத மானியம் உண்டு. செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். கடன் வாங்குவதற்கு முன்பே கோட்டைக் கற்றுக்கொள்ளுங்கள். இயந்திரம் வாடகைக்குக்கூடக் கிடைக்கும், கைத்திறன் கிடைக்காது.