கணிப்பொறிக்குள் ஓடும் நீர்

பி.எஸ்ஸி. இயற்பியல், இரண்டாம் ஆண்டு

ஈரக் கையால் ஸ்விட்சைத் தொடாதே என்று எச்சரிக்காத தாய் இல்லை. நீரும் மின்சாரமும் சேரக்கூடாதவை என்பது பள்ளிக்குச் செல்லுமுன்பே நாம் கற்ற பாடம். ஆயினும் இன்றைய பெருங்கணிப்பொறிகள் பலவற்றில், மின்சாரம் பாயும் மதர்போர்டின் மீதே குழாய் வழியாக நீர் ஓடுகிறது! ஏன் இந்த ஏற்பாடு? அந்த மதர்போர்டு பழுதானால் அதை எவ்வாறு வெளியே எடுப்பது? இவ்விரண்டையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நமக்கென்ன தொடர்பு?

எங்கோ நடக்கும் செய்திதானே என்று எண்ண வேண்டா. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதையும், அடையாற்று வெள்ளம் முடிச்சூர் வீடுகளில் புகுந்ததையும் நம்மவர் மறப்பரோ? மழையை முன்கூட்டிக் கணிப்பதற்காகப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தில் 'அர்க்கா' என்னும் பெருங்கணிப்பொறி 2024 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ 11,770 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யும் ஆற்றல் உடையது அது. முன்பு நாட்டை 12 கி.மீ. கட்டங்களாகப் பிரித்துக் கணித்தனர். 2025 மே முதல் 6 கி.மீ. கட்டங்களாகக் கணிக்கின்றனர். அர்க்கா நீரால் குளிர்விக்கப்படும் வகையைச் சேர்ந்தது. மழைநீரைக் கணிக்கும் பொறியைக் காப்பதும் நீரே அன்றோ!

ஏன் நீர்?

கணிப்பொறி உண்ணும் மின்சாரம் அனைத்தும் இறுதியில் வெப்பமாகிறது. ஒரு கிலோவாட் வெப்பத்தை நீக்கவேண்டும் என்று கொள்வோம். குளிர்விக்கும் பொருளின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மட்டுமே உயரலாம் எனில், நிமிடத்திற்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் காற்றை ஊதவேண்டும். நீராயின் நிமிடத்திற்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவே போதும்! வகுப்பில் படித்த தன்வெப்பக் கணக்கைப் போட்டு யாரும் இதைச் சரிபார்க்கலாம்.

அந்நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஐஸ் நீர் ஊற்றிய செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதை அறிவோம். சென்னைக் கடற்காற்றின் ஈரத்தில், மிகக் குளிர்ந்த நீர் ஓடும் குழாயும் அவ்வாறே வியர்த்து மதர்போர்டின்மேல் சொட்டிவிடும். எனவே வெதுவெதுப்பான நீரே செலுத்தப்படுகிறது. 40 டிகிரி நீரும் இத்தகைய பொறிகளுக்கு ஏற்றதே. பிராசஸர் அதனினும் சூடானது. ஆண்டின் பெரும்பாலான நாட்களில் அந்நீரை வெளிக்காற்றைக் கொண்டே ஆற்றிவிடலாம். போர்வெல் நீர் காய்ந்த பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிவதைக் கண்டிருக்கிறோம். குழாயிலும் அவ்வாறு படியாதிருக்க, தூய்மையாக்கி அரிப்புத் தடுப்பான் கலந்த நீரே திரும்பத் திரும்பச் சுற்றிவருகிறது.

கழற்றும் முறை

நிறுவனத்துக்கு நிறுவனம் சிறு வேறுபாடு உண்டெனினும், அடிப்படை ஒன்றே.

முதலாவதாக, அந்தச் சர்வரில் நடக்கும் வேலைகளை மற்றொன்றுக்கு மாற்றி, அதை நிறுத்தவேண்டும். ஒரே தட்டில் இரண்டு சர்வர்கள் அமைந்த பொறிகளும் உண்டு. அங்கே ஒன்றின் பழுதுக்காக இரண்டையும் நிறுத்தியாக வேண்டும்.

இரண்டாவதாக, தட்டை வெளியே இழுக்கவேண்டும். இழுத்தவுடன் நீர்க்குழாயின் இணைப்பு வாய்கள் இருபுறமும் தாமாகவே மூடிக்கொள்கின்றன. அடுத்த தட்டுகளில் நீர் தொடர்ந்து ஓடுகிறது. தட்டினுள் நீரும் எஞ்சியிருக்கும். தட்டின் கனமும் மிகுதி. இருவர் சேர்ந்து தூக்குவதே முறை.

மூன்றாவதாக, மணிக்கட்டில் நிலமின் பட்டை கட்டிக்கொண்டு, மெமரி முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி, எது எந்த இடத்தினது என்று குறித்துவைக்க வேண்டும்.

நான்காவதே மிகக் கடினமானது. பிராசஸர்களின்மேல் செம்புத் தகடுகள் அமர்ந்திருக்கும். அவற்றைச் செம்புக் குழாய்கள் இணைக்கும். திருகுகளைக் குறித்த வரிசைப்படி தளர்த்தி, முழுச் சுற்றையும் ஒரு சட்டத்தில் பிணைத்து, இருவர் ஒரேசமயத்தில் நேராக உயர்த்தவேண்டும். பேஸ்ட் ஒட்டிப் பிடித்திருந்தால் நெம்பக்கூடாது. குழாய் சற்றே வளைந்தாலும் பற்றவைத்த மூட்டு விரிசல் காணலாம். கசிவு இன்றில்லாவிடினும் நாளை வரும்.

பின்னர் பிராசஸரை எடுத்து, சாக்கெட்டை மூடியிட்டுக் காத்து, மதர்போர்டின் திருகுகளை நீக்கி வெளியே எடுக்கலாம். புதியதைப் பொருத்துகையில் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது தடவவேண்டும். வெப்பம் கடத்தும் மெத்தைத் துண்டுகளையும் மாற்றவேண்டும். பொறியின் வரிசை எண்ணைப் புதிய மதர்போர்டில் பதிவதும் அவசியம். கசிவில்லை என்று உறுதிசெய்த பின்னரே மின்சாரம்!

கையும் கருத்தும்

நீர்ச்சுற்றில் காற்றை ஏற்றி, அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பது கசிவை அறியும் வழிகளுள் ஒன்று. இதைப் படித்தபோது எனக்கு வியப்பேற்பட்டது. என் தந்தை லாரி ரேடியேட்டர் பழுது பார்ப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ரேடியேட்டரைப் பற்றவைத்தபின் தொட்டியில் அமிழ்த்திக் காற்றை ஊதி, குமிழி வருகிறதா என்று அவர் பார்ப்பார். கழற்றிய போல்ட்டுகளை வரிசை பிறழாமல் தகரத்தட்டில் அடுக்கிவைப்பார். தன்வெப்பம் என்ற சொல்லை அவர் அறியார். ஆயினும் அந்த ஒழுங்கும் பொறுமையுமே பல கோடி ரூபாய்ப் பொறிக்கும் வேண்டப்படுகின்றன!

நம் தென்சென்னைப் புறநகரில், சிறுசேரி போன்ற இடங்களில் தரவு மையங்கள் எழுந்துவருகின்றன. பட்டம் பெற்றவன் திருப்புளியைத் தொடுவது இழுக்கு என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. மாணவ நண்பர்களே! செய்முறை வகுப்பில் நண்பனின் குறிப்பேட்டைப் பார்த்து அளவுகளை எழுதும் பழக்கத்தை விடுவோம். திருகைத் திருகும் கையும், ஏன் அந்த வரிசை என்று கேட்கும் கருத்தும் ஒருவனிடத்தே சேர்வதே கல்வியின் பயன்.