நூல் வரும் பதம்

பிப்ரவரி மாதத்துத் திங்கட்கிழமை, விடியற்காலை 5 மணி. கொடைக்கானலில் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே நீட்டவே யோசிக்கும் நேரம். என் நண்பர் வீட்டில் மட்டும் டிவி ஓடும். மனை வாங்கி விற்பவர் அவர். பகலெல்லாம் வில்லங்கச் சான்றிதழும், மலைப்பகுதிக் கட்டடங்களுக்கான ஹாக்கா அனுமதியுமாக அலைவார். அமெரிக்கக் கால்பந்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் அங்கே ஞாயிறு மாலை, நமக்குத் திங்கள் விடியல். அமெரிக்கர்கள் அன்று பீட்சாவை வாங்கிக் குவிப்பார்கள். இவர் சொந்தமாகச் சுடுவார்; அதற்கான மொசரெல்லா சீஸும் சொந்தத் தயாரிப்பு.

மதுரை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி 1845-ல் இந்த மலையில் வீடு கட்டியவர்கள் அமெரிக்க மிஷனரிகள்தான். இப்போது கடைத்தெருவில் சாக்லேட்டுக்குப் பக்கத்திலேயே சீஸ் கிடைக்கிறது. "வாங்கினா போச்சே அண்ணே" என்றேன். "நூல் வர்றதைப் பார்த்திருக்கியா நீ?" என்றார்.

அந்த நூலில்தான் விஷயம் இருக்கிறது. பாலில் காசின் என்ற புரதம் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாக மிதக்கிறது. ஒவ்வோர் உருண்டைக்கும் மேலே மயிர் போன்ற இழைகள் உண்டு. ஒன்றையொன்று ஒட்டவிடாமல் தள்ளி வைப்பவை இவையே. ரென்னெட் என்ற நொதி அவற்றை மழித்துவிடும். அடிவாரத்துப் பழனியில் நடக்கும் மொட்டைதான் இங்கே பாத்திரத்துக்குள் நடக்கிறது. மொட்டையான உருண்டைகள் கால்சியத்தின் துணையோடு ஒட்டிக்கொள்ள, பால் கட்டியாகிறது. பழைய முறையில் ரென்னெட்டைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்தார்கள். நம் ஊர் சீஸில் பெரும்பாலும் நுண்ணுயிர் தரும் ரென்னெட்.

கறந்த பால் 10 லிட்டரை 35 டிகிரிக்குச் சூடாக்கி, புளிக்க வைக்கும் பாக்டீரியாவையும் ரென்னெட்டையும் கலக்கிறார். தயிர் உறையவே அடம்பிடிக்கும் ஊர் என்பதால் பாத்திரத்துக்குக் கம்பளி. கட்டியானதும் கத்தியால் கட்டம் கட்டமாக வெட்டுகிறார், லே-அவுட் போடுவது மாதிரியே. இளமஞ்சள் தெளிநீர் பிரிகிறது. பிறகு காத்திருப்பு. புளிப்பு ஏற ஏற, புரதங்களைப் பிணைத்திருக்கும் கால்சியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வெளியேறும். பிஹெச் அளவு 5.2-க்குப் பக்கம் வரவேண்டும். அதற்கு முன்னால் இழுத்தால் ரப்பர். ரொம்பத் தாண்டினால் உதிர்ந்துவிடும். ஒருமுறை என்னைக் காவல் வைத்துவிட்டுப் போனார். நான் தூங்கிவிட்டேன். மறுநாள் அதைப் பொடிமாஸ் செய்து சாப்பிட்டோம்.

பதம் பார்க்க, ஒரு துண்டைக் கிள்ளிக் கொதிக்காத சுடுநீரில் போடுகிறார். சுமார் 80 டிகிரி. உறை மாட்டிய கையால் எடுத்து இழுத்தால் முழ நீளத்துக்கு நூலாக வருகிறது. மொத்தத்தையும் போட்டு, இழுத்து மடித்து, மறுபடி இழுக்கிறார். பரோட்டா மாஸ்டர் மாவை இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சிக்குப் பிடித்த புரத வலை ஒரே திசையில் நார்களாக வரிசைப்படுகிறது. சூடு பட்டால் அந்த நார்கள்தான் நெகிழ்ந்து நீள்கின்றன. கடைசியில் விரலிடுக்கில் உருண்டையாகப் பிதுக்கிக் கிள்ளி எடுக்கிறார். மொசரெல்லா என்ற பெயரே 'வெட்டியெடுத்தல்' என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

பன்னீர் ஏன் இப்படி உருகுவதில்லை? கொதிக்கும் பாலில் எலுமிச்சை பிழிந்து திரிப்பது அது. சூட்டில் தெளிநீர்ப் புரதமும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. நெருப்பில் வைத்தால் சிவக்கும், இளகாது. பட்டர் மசாலாவுக்கு அந்தப் பிடிவாதம் வேண்டும்; பீட்சாவுக்கு ஆகாது.

ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும் என்பது வரை புரிந்தது. 60 நிமிட ஆட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுக்கும், அதுவும் ஒரு மொசரெல்லாதான். நடுநடுவே எழுந்து அடுப்பைப் பார்த்து வரலாம். மலைப்பூண்டு நசுக்கித் தூவிய பீட்சா தட்டுக்கு வருகிறது. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு, காரத்தில் குறை வைப்பதில்லை. துண்டைத் தூக்கினால் தட்டுக்கும் வாய்க்கும் நடுவே வெள்ளை நூல்.

10 லிட்டருக்குக் கிடைத்தது ஏறக்குறைய ஒரு கிலோ சீஸ். மிச்சத் தெளிநீர் குடத்தில் நிற்கிறது. ஆறரை மணிக்குப் பால்காரர் வந்து டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குடத்தை மாட்டுக்கு எடுத்துப் போகிறார்.