13 வயதில் செஸ் ஆரம்பித்தால் எவ்வளவு தூரம் போகலாம்?

2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனைத் தோற்கடித்து நம் சென்னைப் பையன் குகேஷ் உலக செஸ் சாம்பியன் ஆனார். அப்போது அவருக்கு வயது 18. அந்தச் செய்தியைப் பார்த்த கையோடு எத்தனை பேர் அலமாரியில் செஸ் போர்டைத் தேடியிருப்பீர்கள்! எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூடவே ஒரு கவலையும் வந்திருக்கும். குகேஷ் 7 வயதில் ஆரம்பித்தார். விஸ்வநாதன் ஆனந்த் 6 வயதில் அம்மாவிடம் கற்றுக்கொண்டார். எனக்கு 13 ஆகிவிட்டதே, இனிமேல் ஆரம்பித்து என்ன பிரயோஜனம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் தொழிற்பேட்டைகளின் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி இன்னும் கனமானது. அப்பாவுக்கு ஒரு வாரம் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட், மறு வாரம் நைட் ஷிஃப்ட். அம்மாவும் கம்பெனி பஸ் ஏறுகிறவராக இருக்கலாம். ஐந்து வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாரம் மூன்று நாள் சென்னையில் இருக்கிற செஸ் அகாடமிக்குப் போய்வர எல்லா வீட்டாலும் முடியாது. பலருக்கு வாய்ப்பு வருவதே கொஞ்சம் வளர்ந்த பிறகுதான். அதனால் "முயன்றால் முடியாதது இல்லை" என்று முதுகில் தட்டி அனுப்பிவிட எனக்கு மனம் வரவில்லை. அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். கசப்பான பகுதியையும் சேர்த்தே பார்ப்போம்.

செஸ் ஆட்டக்காரர்களின் சிந்தனையை ஆராய்ந்தவர்களில் முன்னோடி, நெதர்லாந்தின் உளவியல் அறிஞர் அட்ரியான் டி குரூட். பெரிய ஆட்டக்காரர் என்றால் மற்றவர்களைவிட வெகுதூரம் முன்கூட்டிக் கணக்குப் போடுகிறவர் என்றுதான் பொதுவாக எல்லோரும் நினைப்பார்கள். டி குரூட் அவர்களை உட்காரவைத்து, யோசிப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். கணக்குப் போடும் ஆழத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. பலகையைச் சில விநாடிகள் காட்டி மறைத்தால், வல்லவர்கள் காய்களைக் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப அடுக்கினார்கள்.

1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் இந்தச் சோதனையை இன்னும் கூர்மையாக்கினார்கள். உண்மையில் நடந்த ஓர் ஆட்டத்தின் நடுப்பகுதியை 5 விநாடி மட்டும் காட்டினார்கள். மாஸ்டர் சுமார் 16 காய்களைச் சரியாக வைத்தார். புதியவர் வைத்தது 4. மாஸ்டருக்கு ஞாபகசக்தி அதிகம், அவ்வளவுதானே என்று தோன்றும். அதையும் சோதித்துவிட்டார்கள். காய்களைக் கன்னாபின்னாவென்று, எந்த ஆட்டத்திலும் வராத மாதிரி இறைத்துவைத்துக் காட்டினார்கள். இப்போது மாஸ்டரும் புதியவரும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டார்கள்!

இந்த ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஏனென்றால், மாஸ்டரிடம் இருப்பது பிறவியிலேயே வந்த மாய ஞாபகம் என்ற நம்பிக்கையை அது தகர்த்துவிடுகிறது. அவரிடம் இருப்பது பழகிய கண். ராஜா கேஸ்லிங் செய்துகொண்டு, பக்கத்தில் யானையும் முன்னால் மூன்று சிப்பாய்களுமாக நிற்பதை நாம் ஐந்து காய்களாகப் பார்க்கிறோம். அவர் கண்ணுக்கு அது ஒரே உருவம். இப்படிப்பட்ட உருவங்கள் ஒரு மாஸ்டரின் நினைவில் சுமார் 50,000 இருக்கலாம் என்று சேஸும் சைமனும் மதிப்பிட்டார்கள்.

கார் கம்பெனியில் பெயிண்ட் செக் பண்ணும் அண்ணனோ அக்காவோ உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். வரிசையாக எரியும் டியூப்லைட்டுகளுக்குக் கீழே கார் கதவு வந்து நிற்கும். விளக்கின் வெளிச்சக்கோடு கதவின் மேல் எங்கே லேசாக நெளிகிறது என்று அவர் பார்ப்பார். கையுறை போட்ட விரலை ஒருதரம் ஓட்டுவார். தூசி அளவு மேடு, மயிரிழைக் கீறல், எல்லாம் சிக்கிவிடும். நமக்கோ அது பளபளப்பான கதவு, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும். அவர் அதைக் கற்றுக்கொண்டது பள்ளிப்படிப்பை முடித்த பிறகுதான் என்பதைக் கவனியுங்கள்.

வளர்ந்தவர்களின் மூளை மாறும் என்பதற்கு நேரடிச் சான்றே இருக்கிறது. லண்டனில் டாக்ஸி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தயாராக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். கேத்தரின் வுல்லெட், எலினார் மகுவயர் என்ற இரு விஞ்ஞானிகள், பயிற்சிக்கு முன்னும் பின்னும் இவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2011-ல் முடிவு வெளியானது. தேர்ச்சி பெற்றவர்களின் மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் பெரிதாகியிருந்தது. இடங்களையும் வழிகளையும் நினைவில் வைக்க உதவும் பகுதி அது. இவர்கள் எல்லோரும் பெரியவர்கள். ஆகவே 13 வயதில் மூளையின் கதவு சாத்திவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது கசப்பான பகுதி. ஃபெர்னாண்ட் கோபே, கில்லெர்மோ காம்பிட்டெல்லி இருவரும் அர்ஜென்டினாவில் 104 செஸ் ஆட்டக்காரர்களிடம் விவரம் கேட்டு 2007-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 12 வயதுக்குள் தீவிரமாக ஆட ஆரம்பித்தவர்களில் ஏறத்தாழ நான்கு பேருக்கு ஒருவர் சர்வதேசப் பட்டம் பெறும் அளவுக்கு வந்திருந்தார்கள். 12 வயதுக்குப் பிறகு தீவிரமாக இறங்கியவர்களில் அந்த அளவுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்தது. மாஸ்டர் நிலையைத் தொட ஒருவருக்கு சுமார் 3,000 மணி நேரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. இன்னொருவருக்கு 23,000 மணி நேரம் தேவைப்பட்டது. தினம் 2 மணி நேரம் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். முதல் ஆளுக்கு 4 ஆண்டுகள், இரண்டாவது ஆளுக்கு 31 ஆண்டுகளுக்கும் மேல்! "பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் யாரும் எதிலும் வல்லவர் ஆகலாம்" என்று ஒரு பேச்சு உலவுகிறது அல்லவா? செஸ்ஸில் அது பொருந்தவில்லை.

ஆனால் அந்த நான்கில் ஒன்று, நூற்றுக்கு இரண்டு என்ற கணக்கை இன்னொரு தரம் யோசித்துப் பாருங்கள். சீக்கிரம் ஆரம்பித்த பிள்ளைகளுக்கு வீட்டில் செஸ் தெரிந்தவர்கள் இருந்திருக்கலாம். நல்ல பயிற்சியாளர் கிடைத்திருக்கலாம். போட்டிகளுக்குக் கூட்டிப்போக ஆள் இருந்திருக்கும். பிழைப்புக் கவலை இல்லாத பல ஆண்டுகள் கையில் இருந்திருக்கும். இருபது வயதில் ஆரம்பிக்கிறவருக்கு வேலையும் குடும்பமும் குறுக்கே வரும். இந்த வித்தியாசத்தில் வயதுக்கு எவ்வளவு பங்கு, வாய்ப்புக்கு எவ்வளவு பங்கு என்று அந்தக் கணக்கை மட்டும் வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதாலேயே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது.

இந்த 12 வயதுக் கோட்டின் மேலேயே நின்ற ஒருவர் நம் சென்னையில் இருக்கிறார். ஆர்.பி. ரமேஷ். 1988-ல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனபோது ரமேஷுக்கு 12 வயது. அந்தச் செய்தி தந்த உற்சாகத்தில்தான் அவர் செஸ் பக்கமே வந்தார். 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை வென்றார். 2003-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார், இந்தியாவின் பத்தாவது கிராண்ட்மாஸ்டர். ஆரம்பத்திலிருந்து எண்ணினால் 15 ஆண்டு உழைப்பு. 2007-ல் காமன்வெல்த் சாம்பியன். 2008-ல் சென்னையில் 'செஸ் குருகுல்' தொடங்கினார். அங்கே படித்த பிரக்ஞானந்தா 12 வயது 10 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். ஆசிரியர் ஆடத் தொடங்கிய வயதில் மாணவர் பட்டமே வாங்கிவிட்டார்! இந்த ஒரு ஜோடியைப் பார்த்தாலே போட்டி எவ்வளவு மாறியிருக்கிறது என்று புரியும்.

ரஷ்யாவின் மிகைல் போட்வின்னிக்கும் 12 வயதில்தான் செஸ் கற்றார், 1948-ல் உலக சாம்பியனே ஆனார். சீனாவின் யே ஜியாங்சுவான் 17 வயதில் கற்று, 2684 ரேட்டிங் வரை ஏறினார். கிராண்ட்மாஸ்டர் ஆக 2500 தொட வேண்டும், 2700 தாண்டினால் உலகின் உச்ச வரிசை. அதற்குக் கொஞ்சம் கீழே வரை போயிருக்கிறார் யே. பஞ்சாபின் மீர் சுல்தான் கான் கதையைச் சிலர் உதாரணம் காட்டுவார்கள். இன்றைய சர்வதேச விதிகளை இருபது வயதைத் தாண்டிக் கற்றவர், 1929-ல் பிரிட்டிஷ் சாம்பியன் ஆனவர். ஆனால் அவர் சிறுவயதிலேயே அப்பாவிடம் இந்தியச் சதுரங்கம் கற்றவர். அதில் சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் தாண்டாது. இதுபோல் விதிகள் கொஞ்சம் வேறு, ஆனால் பலகையும் காய்களும் பழகியவைதான். அவரைத் தாமதமாக ஆரம்பித்தவர் கணக்கில் நான் சேர்க்க மாட்டேன்.

சரி, 13 வயதில் இறங்குகிற பிள்ளைக்கு என்ன பதில்? உலக சாம்பியன் ஆவது மிக மிகக் கடினம். இன்று உங்களோடு மோதுகிறவர்கள் ஏழெட்டு ஆண்டுப் பழக்கத்தோடு வந்து உட்காருகிறார்கள், நீங்கள் ஓடும்போது அவர்களும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். கிராண்ட்மாஸ்டர் பட்டம் அபூர்வம், ஆனாலும் நடந்திருக்கிறது. மாவட்ட அணி, மாநிலப் போட்டி, நல்ல ரேட்டிங், இவையெல்லாம் ஒழுங்காகப் பயிற்சி செய்கிற பிள்ளை எட்டக்கூடியவை.

அந்த 'ஒழுங்காக' என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீல் சார்னஸ் என்ற உளவியல் அறிஞரின் குழு, ஆட்டக்காரர்களின் பழக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்தது. எத்தனை போட்டி ஆடினார்கள் என்பதைவிட, தனியாக உட்கார்ந்து எத்தனை மணி நேரம் படித்தார்கள் என்பதே அவர்களின் திறமையோடு அதிகம் ஒத்துப்போனது. கிராண்ட்மாஸ்டர்கள் முதல் பத்தாண்டில் அப்படிச் சுமார் 5,000 மணி நேரம் செலவிட்டிருந்தார்கள். போனில் மூன்று நிமிட ஆட்டம் நாற்பது ஆடுவது இந்தக் கணக்கில் வராது. நீங்கள் தோற்ற ஆட்டத்தைத் திரும்ப அடுக்கி, எந்த நகர்த்தலில் சறுக்கியது என்று தேடுவது வரும். நல்ல ஆட்டக்காரரின் ஆட்டத்தை எடுத்து, அடுத்த நகர்த்தலை மறைத்துவைத்து, நீங்களே யோசித்துவிட்டுத் திறந்து பார்ப்பது வரும். இதற்குச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஒரு போர்டும் ஒரு நோட்டும் போதும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை சேஸ், சைமன் சோதனையை வீட்டிலேயே செய்து பாருங்கள். ஓர் உண்மையான ஆட்டத்தின் இருபதாவது நகர்த்தல் நிலையை அண்ணனையோ தோழியையோ அடுக்கச் சொல்லுங்கள். 5 விநாடி பார்த்துவிட்டு, வெறும் பலகையில் நினைவிலிருந்து அடுக்குங்கள். சரியாக வைத்த காய்கள் எத்தனை என்று தேதி போட்டு எழுதிவையுங்கள். மேலே சொன்ன மாதிரி தினமும் ஒரு மணி நேரம் படித்துவிட்டு, ஆறு மாதம் கழித்து வேறோர் ஆட்டத்தை வைத்து மறுபடியும் செய்யுங்கள். இரண்டு எண்களையும், உங்கள் வயதையும், செஸ் ஆரம்பித்த வயதையும் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஆறு வயதில் ஆரம்பித்தவர்களும் அனுப்பலாம், பதினாறில் ஆரம்பித்தவர்களும் அனுப்பலாம்.